சுங்கை சிப்புட்டில் வீணைக்கு மேளம் கட்டும் கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் வீணை வைத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேளம் கட்டுவதற்காக, அதாவது சுரத்துக்குச் சுரம் விரல் வைத்து அழுத்தும் மெட்டுகளை மெழுகில் பதிப்பதற்காக, இனி கோலாலம்பூர் வரைக்கும் வீணையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். சுங்கை சிப்புட் பட்டணத்தில், பசாருக்குப் பின்னால் இருக்கும் பழைய கடைவீட்டு வரிசையில் ஓர் அண்ணன் இந்த வேலையைச் செய்கிறார். முன்பக்கம் ஆர்மோனியமும் உறுமியும் தபேலாவும் அடுக்கியிருக்கும் சாதாரணக் கடைதான், வீணை வேலை நடப்பது பின்கட்டில். அங்கேதான் என் வீணையின் 24 மெட்டுகளையும் கழற்றி, பழைய மெழுகைச் சுரண்டியெடுத்து, புதிதாகக் கட்டி வாங்கினேன். அருமையான வேலை.

கிட்டாரில் மெட்டுக் கம்பியை மரத்திலேயே அறைந்துவிடுவார்கள், ஒரு முறை அறைந்தால் அது அங்கேதான். வீணையில் தண்டி என்ற நீண்ட கழுத்தின் இரண்டு ஓரத்திலும் வரப்பு போல மெழுகை எழுப்பி, அதன் மேல்தான் பித்தளை மெட்டுகளை உட்கார வைக்கிறார்கள். அந்த மெழுகு சரியாக அமையவில்லை என்றால் எவ்வளவு நல்ல பலாமரத்தில் செய்த வீணையானாலும் பயனில்லை. தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள் மூன்றும் சேர்ந்த கலவை அது. தேன்மெழுகு கூடினால் வெக்கையில் இளகி மெட்டு அமுங்கிவிடும், குங்கிலியம் கூடினால் கெட்டியாகி நாளாக நாளாக வெடித்து உதிரும். நம் நாட்டு வெக்கைக்கும், மதியம் வெயிலில் நிறுத்திய காருக்குள் இருக்கும் சூட்டுக்கும் எந்தப் பதம் தாங்கும் என்பது இங்கேயே இருந்து வேலை பார்ப்பவருக்குத்தான் தெரியும். இதற்கு முன் வேறொரு ஊரில் ஒரு பெரிய கடையில் கட்டி வாங்கிய மேளம் சில மாதத்திலேயே அந்தர காந்தார சுரத்துக்கான மெட்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சாய்ந்த மெட்டில் சுரத்தை அசைத்துக் கமகம் இழுத்தால் கம்பி எங்கேயோ உரசிக் கரகரக்கும், கேட்கவே சங்கடமாக இருக்கும். இந்த அண்ணன் கட்டிய மேளம் அப்படி அசையவில்லை, காரில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் அடிக்கடி எடுத்துப் போகிறேன், இன்னும் அப்படியே நிற்கிறது.

வீணையைக் கொண்டுபோய் வைத்ததும் அவர் மெட்டைப் பார்க்கவே இல்லை. எந்தச் சுருதியில் வாசிக்கிறீர்கள், எந்தக் கம்பி போடுகிறீர்கள் என்றுதான் கேட்டார். பிறகு புதுக் கம்பிகளைப் போட்டு, அவை இழுபட்டு நிலைக்கட்டும் என்று விட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் மெழுகை அடுப்பில் வைத்தார். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. கம்பியை மெட்டின் மேல் அழுத்தும்போதே சுருதி கொஞ்சம் ஏறுகிறது, எவ்வளவு ஏறும் என்பது கம்பியின் தடிப்பையும் அது மெட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதையும் பொறுத்தது. பழைய கம்பியில் மேளம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து வேறு தடிப்பில் சாரணி என்ற முதல் கம்பியை மாற்றினால் சுரங்கள் விலகத்தான் செய்யும். ஆகவே அங்கே போகிறவர்கள் தாங்கள் வழக்கமாகப் போடும் கம்பியைக் கையோடு கொண்டு போங்கள்.

ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் டியூனரில் சரிபார்க்கிறார், மற்றதெல்லாம் தம்பூரா ஓடிக்கொண்டிருக்க காதால்தான். ஒவ்வொரு மெட்டையும் இளகிய மெழுகில் லேசாகப் பதித்துவிட்டு என்னையே வாசிக்கச் சொன்னார். “நீங்க அழுத்துற அழுத்தத்துக்குத்தான் வைக்கணும் தங்கச்சி, என் விரலுக்கு வெச்சுக் கொடுத்தா வீட்டுக்குப் போனதும் சேராது” என்றார். இன்னொன்றும் சொன்னார், எனக்கு இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்த யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. மெட்டு ஓர் இம்மி கீழே இருந்தால் கம்பியை இழுத்து சுரத்தை மேலே ஏற்றிக்கொள்ளலாம், மேலே போய்விட்டால் இறக்குவதற்கு வழியே கிடையாது, ஏனென்றால் இழுத்தால் சுருதி ஏறுமே தவிர இறங்காது. தோடி ராகத்தின் காந்தாரமும் கரகரப்பிரியா ராகத்தின் காந்தாரமும் ஒரே மெட்டில்தான் பிறக்கின்றன, வித்தியாசம் முழுவதும் இழுப்பில் இருக்கிறது. அந்த இழுப்புக்கு இடம் விட்டு மெட்டு வைக்கத் தெரிந்தவர் வேண்டும்.

ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டுகள் என்ற இன்றைய அமைப்பை, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில் ஐரோப்பாவிலும் லூட் என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பவர்கள் மெட்டை எங்கே வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மெட்டு குடலில் திரித்த நரம்பு, அதைக் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கட்டுவார்கள், வேண்டுமென்றால் விரலால் நகர்த்தவும் செய்யலாம். வானியலாளர் கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி லூட் வாசிப்பவர், அவர் 1581இல் சொன்ன கணக்குப்படி மிச்சமிருக்கும் கம்பி நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கை ஒவ்வொரு மெட்டுக்கும் கழித்துக்கொண்டே போனால் 12ஆவது மெட்டில் ஏறக்குறையப் பாதி நீளத்துக்கு வந்துவிடலாம். 1610இல் லண்டனில் வந்த ஒரு லூட் பாடநூலில் ஜான் டௌலண்டும் மெட்டு கட்டும் அளவுகளை எழுதியிருக்கிறார். வீணையில் அந்த மாதிரிக் கணக்கை மட்டும் நம்பிப் பதிக்க முடியாது, கம்பி உயர்ந்து நிற்பதால் அழுத்தத்தில் ஏறும் சுருதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், மெழுகு இறுகிவிட்டால் லூட்டைப் போலவோ சித்தாரைப் போலவோ நகர்த்தவும் வழியில்லை. அதனால்தான் கட்டுகிறவரின் காது எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

நான் போயிருந்தபோது பக்கத்து மேசையில் கம்புஸ் என்ற மலாய் நரம்பு வாத்தியம் ஒன்று கிடந்தது, ஸாப்பின் நடனக் குழுவில் வாசிக்கும் ஒரு மலாய்க்காரர் நைலான் கம்பி மாற்றக் கொடுத்திருந்தாராம். அதற்கு மெட்டே கிடையாது, வாசிப்பவரின் விரல் நிற்கும் இடம்தான் சுரம். ஒரே பலாக்கட்டையைக் குடைந்து தோல் போர்த்திய பழைய வகை அது. அதே பலாமரம், அதே மாதிரி குடைந்த வயிறு, ஒரே கட்டையில் செய்யும் ஏகாண்ட வீணையையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளை இங்கே ஒரு நாள் கூட்டிக்கொண்டு வந்து இரண்டையும் காட்ட வேண்டும்.

கம்பிகளைத் தாங்கும் குதிரையின் தகட்டையும் அவர் விடவில்லை. கம்பி அறுத்த கோடுகளைத் தேய்த்து எடுத்து, அந்த மெல்லிய வளைவைத் திரும்பக் கொண்டுவந்து மெருகேற்றிக் கொடுத்தார். நாதம் நீண்டு நிற்பதற்குப் பாதிக் காரணம் அந்த வளைவுதான், மேளம் மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டிருந்தால் இந்த ஒலி வந்திருக்காது. சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் லங்கர் வளையங்கள் துரு ஏறியிருந்ததால் மாற்றினார். கம்பியை முறுக்கும் பிரடைகள் வழுக்காமல் நிற்கும்படி சரிசெய்தார். எல்லாம் சேர்த்து 650 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார், கம்பி என்னுடையது. இந்த வேலைக்கு அது நியாயமான விலை.

குறைகளும் உண்டு. போன் அடித்தால் எடுப்பது அபூர்வம், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால் இரவில் பதில் வரும். தாழ்ந்த சுருதிக்கான மந்தர, அனுமந்தரக் கம்பிகளில் அவரிடம் இருப்பது ஒரே ரகம், எனக்கு அது பிடிக்கவில்லை, ஒலி மழுங்கலாக இருக்கிறது. மேளம் இறுகும்வரை வீணையைக் கடையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும், ஆனால் அவர் அதை வைக்கும் இடம் நெருக்கடியானது, ஆர்மோனியப் பெட்டிகளுக்கு நடுவில். இந்த ஒரு விஷயத்தை அவர் மாற்றியே ஆக வேண்டும், நேரிலும் சொல்லிவிட்டேன். ரசீதும் கேட்டால்தான் தருவார்.

வீட்டுக்குக் கொண்டு வந்தபின் செய்ய வேண்டியதையும் சொல்லி அனுப்புகிறார்: வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் கம்பியைத் துடைப்பது, இங்குள்ள ஈரக் காற்றில் எஃகுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி பித்தளை மெட்டை அரம் போட்டது மாதிரி தின்றுவிடும்.

நவராத்திரி நெருங்கினால் கோயில்களில் வாசிப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து குவிப்பார்களாம், அப்போது அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். தைப்பூசம் முடிந்து கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில் போனால் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு மெட்டாக வாசிக்கச் சொல்லி, நிதானமாகக் கட்டிக் கொடுப்பார்.