இருபது வயசு தாண்டின எங்கட கார்

2001ஆம் ஆண்டு யப்பான் செடான், 1500 சிசி, ஓட்டோ கியர். ஆறு வருசமா எங்களிட்ட நிக்குது. முந்தி வச்சிருந்தவர் றேடியேற்றருக்குக் கிணத்துத் தண்ணிதான் விட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணியெல்லோ? உள்ளுக்குப் படிஞ்சு அடைச்சு, ஏ9 வீதியில மாங்குளத்தடியில சூடேறி நிண்டிட்டுது. ஹெட் காஸ்கெற் (எஞ்சின் தலைக்குக் கீழ இருக்கிற அடைப்புத் தகடு), றேடியேற்றர், கூலி எல்லாமா 85,000 ரூபா. இப்ப கூலன்ற் எண்ட, எஞ்சினைக் குளிராக்கிற திரவம் மட்டும்தான் விடுறன். நீங்களும் அதையே விடுங்கோ.

கடலுக்குள்ளால போற பண்ணைப் பாலத்தால தீவுப்பக்கம் அடிக்கடி போறதால உப்புப் பட்டு அடித்தகட்டில கறள். வந்தவுடன நல்ல தண்ணியால கீழ்ப்பக்கம் கழுவவேணும். லோவர் ஆம் புஷ் (சில்லைப் பிடிக்கிற கையில இருக்கிற றப்பர்) இரண்டு தரம் மாத்தினது. பெற்றோல் லீற்றருக்கு டவுனுக்குள்ள 9 கிலோமீற்றர், தூரப் பயணத்தில 13. காருக்கு மாத்திற சாமான் டவுனிலயே எடுக்கலாம்.

பின் சீற்றில அம்மா காலை நீட்டி வசதியா இருப்பா. அதுக்காகவே விக்க மனமில்லை.