பாராலீகல் லைசென்ஸா, லோ கிளார்க் வேலையா: ஒன்ராறியோக் கணக்கு

மாதத்துக்கு இரண்டு பேராவது இந்தக் கேள்வியோடு எனக்குப் போன் எடுக்கிறார்கள். பெரும்பாலும் மகளுக்காகவோ மருமகனுக்காகவோ கேட்கிற அம்மாமார். "தம்பி, பாராலீகல் படிச்சால் நல்ல சம்பளமோ?" நான் உடனே பதில் சொல்வதில்லை. "அக்கா, பிள்ளைக்கு ஆக்களிட்டைக் காசு கேட்க வருமோ?" என்று திருப்பிக் கேட்பேன். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. நான் ஏதோ பகிடி விடுகிறேன் என்று நினைப்பார்கள் போல.

பகிடி இல்லை. நான் ஆறு வருடம் லோ கிளார்க்காக இருந்துவிட்டுப் பிறகு பாராலீகல் லைசென்ஸ் எடுத்தவன். இரண்டையும் ஒரே ஏணியின் மேல்படி, கீழ்படி என்று நினைத்துத்தான் மாறினேன். அவை இரண்டும் ஒரே ஏணியில் இல்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். யூடியூப்பில் பாராலீகல் என்று தேடினால் வருவதெல்லாம் அமெரிக்கக் காணொளிகள். அங்கே பாராலீகல் என்றால் சட்டத்தரணிக்குக் கீழே இருந்து கோப்புகளைத் தயாரிக்கும் சம்பள ஊழியர். அந்த வேலைக்கு ஒன்ராறியோவில் பெயர் லோ கிளார்க். இங்கே பாராலீகல் என்பது தனி லைசென்ஸ். 2007 மே முதல் சட்டத்தரணிகளைக் கட்டுப்படுத்தும் அதே சட்டச் சங்கம்தான் பாராலீகல்களையும் கட்டுப்படுத்துகிறது. சட்டத்தரணிக்கு எல்1, பாராலீகலுக்கு பி1. பி1 வைத்திருப்பவர் தன் பெயரில் கடை திறக்கலாம், கட்சிக்காரரிடம் காசு வாங்கலாம், நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசலாம். லோ கிளார்க்குக்கு இந்த மூன்றும் கிடையாது. அவர் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் மேலே ஒரு சட்டத்தரணியின் கையெழுத்தும் பொறுப்பும் இருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கடையில் என்னென்ன விற்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மோல் கிளெய்ம்ஸ் நீதிமன்றம், வாகன டிக்கெட்டுகள், சில சிறு குற்றவழக்குகள், வீட்டுக்காரர்–வாடகைக்காரர் வழக்குகளை விசாரிக்கும் எல்டிபி, விபத்துக் காப்புறுதிப் பிணக்குகள், வேலையிடக் காயங்கள், அகதி விசாரணைகள் என்று வரிசை நீளம்தான். உயில் எழுத முடியாது. வீடு வாங்கல் விற்றல் முடியாது. விவாகரத்தைத் தொட முடியாது. குடும்ப விடயங்களில் ஒரு சிறிய பகுதியை, தனிப் பயிற்சி எடுத்தவர்களுக்குத் திறந்துவிடச் சட்டச் சங்கம் 2022 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தது. அதை நம்பி இன்று படிப்பைத் தொடங்காதீர்கள்.

எங்கள் சனத்துக்குச் சட்ட வேலை அதிகம் தேவைப்படுவது எதில் என்று யோசியுங்கள்: வீடு, உயில், குடும்பம். இந்த மூன்றும் பாராலீகலின் கடையில் இல்லை. ஆனால் லோ கிளார்க்கின் மேசையில் நாள் முழுக்க இந்த மூன்றும்தான்.

படிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. பாராலீகலுக்கு, சட்டச் சங்கம் அங்கீகரித்த கல்லூரிப் பாடநெறி ஒன்று வேண்டும். முன்பு பட்டம் இருந்தால் ஒரு வருடத்தில் முடிக்கலாம், இல்லாவிட்டால் இரண்டு வருடம். அதற்குள் 120 மணித்தியால வேலைப் பயிற்சி. அப்புறம் லைசென்ஸ் பரீட்சை. புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் பரீட்சை என்றவுடன் சுகமென்று நினைக்க வேண்டாம். நூற்றுக்கணக்கான பக்கங்களை அச்செடுத்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று நீங்களே சொல்லட்டவணை போட்டுக்கொண்டு போகாவிட்டால் புத்தகம் திறந்திருந்தும் பலனில்லை. நன்னடத்தைச் சோதனையும் உண்டு. பழைய குற்றப் பதிவு, வேறு வேலையில் வந்த ஒழுக்க விசாரணை எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும்.

லோ கிளார்க்குக்கு லைசென்ஸே கிடையாது. கல்லூரி டிப்ளோமா இருந்தால் போதும், இல்லாமலும் உள்ளே போனவர்கள் இருக்கிறார்கள். 1968இல் தொடங்கிய ஒன்ராறியோ லோ கிளார்க்குகள் நிறுவனம் வழக்கு, கம்பனி, மரபுரிமைச் சொத்து, காணி என்று நான்கு பாடங்களில் பரீட்சை வைக்கிறது. கட்டாயமில்லை. ஆனால் பெரிய அலுவலகங்களில் அந்தச் சான்றிதழுக்கு மரியாதை இருக்கிறது.

சரி, இரண்டு வேலையையும் கிட்ட நின்று பார்ப்போம்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, காணி வேலை பார்க்கும் ஒரு லோ ஒஃபீஸ். ஒன்பது வீடுகள் அன்றைக்கே கைமாற வேண்டும். கிளார்க் காலை ஏழரைக்கே வந்து, இணையவழிக் காணிப் பதிவு முறையான டெராவியூவில் ஒவ்வொரு காணியின் பதிவையும் இன்னொரு தடவை திறந்து பார்ப்பார், இரவோடிரவாகப் புதிதாக ஏதாவது ஈடு ஏறியிருக்கிறதா என்று. வங்கியின் காசு வரவில்லை. மற்றப் பக்கத்துச் சட்டத்தரணியின் கிளார்க் போன் எடுப்பதில்லை. வீடு வாங்கியவர் பொருட்களை ஏற்றிய லொறியோடு வாசலில் நின்று, திறப்பு எங்கே என்று கேட்கிறார். சட்டத்தரணி கடைசிக் கையெழுத்தைப் போடுவார். அவருடைய டெராவியூ கடவுச்சொல்லை அவர் உங்களிடம் தரக்கூடாது, நீங்கள் கேட்கவும் கூடாது. சில இடங்களில் என்ன நடக்கிறது என்பது வேறு கதை. ஆறு மணிக்கு எல்லாம் முடிந்ததும் கிளார்க் வீட்டுக்குப் போவார். பிழை வந்திருந்தால் காப்புறுதிக்காரருக்குக் கடிதம் எழுதப்போவது சட்டத்தரணி.

இப்போது பாராலீகல். பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவர் நான்கு மாதம் காசு கட்டவில்லை என்று ஒருவர் வருகிறார். கையில் அவரே நிரப்பிய என்4 படிவம், அதாவது வாடகை பாக்கிக்காக வீட்டை விடச் சொல்லும் அறிவித்தல். அதை எப்போது கொடுத்தீர்கள் என்றால், கதவில் ஒட்டினேன் என்கிறார். கதவில் ஒட்டினால் செல்லாது, கதவுக்கு அடியால் தள்ளியிருந்தால் செல்லும். தபாலில் அனுப்பியிருந்தால் அவகாசத்தோடு இன்னும் 5 நாளைக் கூட்டியிருக்க வேண்டும். முடிவுத் தேதி ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் விழுந்துவிடும். எல்டிபியில் தேங்கிக் கிடந்த விண்ணப்பங்கள் 38,000 என்று 2023 மே மாதம் அரச அலுவலகங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் மாகாண ஒம்புட்ஸ்மனின் அறிக்கையே சொன்னது. அந்த வரிசையில் மாதக்கணக்காக நின்று, விசாரணை நாளில் ஸூமில் தோன்றி, தேதி பிழை என்று திரும்பி வருவதைப் போல ஒரு கொடுமை இல்லை. ஆகவே படிவத்தைப் புதிதாக எழுதுகிறேன். அதுவரை எல்லாம் சரி. "என்ரை ஃபீஸ் இவ்வளவு, முதலில் பாதி தாருங்கோ" என்று சொல்லும் இடம் வருகிறது பாருங்கள், அங்கேதான் இந்தத் தொழிலில் நிற்பவர் யார், போகிறவர் யார் என்று தெரியும். ஏற்கெனவே நான்கு மாத வாடகை வராமல் நொந்துபோய் இருப்பவர் அவர். "தெரிஞ்ச ஆள் எண்டுதானே வந்தனான்" என்பார்.

என் முதல் வருடத்தில் இப்படி வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் காசு வாங்காமல் வேலை செய்தேன். குறை அவர்களிடம் இல்லை.

காசைப் பேசுவோம். வாகன டிக்கெட் ஒன்றுக்குச் சில நூறு டொலர் என்பது இந்தத் தொழிலின் சில்லறை வியாபாரம். கட்சிக்காரருக்கு அபராதத்தைவிடக் காப்புறுதிக் கட்டணம் ஏறப்போகிறதே என்ற பயம்தான் பெரிது, அந்தப் பயத்தில்தான் நம்மிடம் வருகிறார். கணக்குக்கு 350 டொலர் என்று வையுங்கள். மாதம் 12 கோப்பு வந்தால் 4,200 டொலர். சம்பளம் இல்லை இது, வருமானம். இதற்குள் சட்டச் சங்கக் கட்டணம், கோரிக்கை ஒன்றுக்குக் குறைந்தது 10 லட்சம் டொலருக்கான தொழில் காப்புறுதி, அலுவலக வாடகை, மென்பொருள், தமிழ்ப் பத்திரிகையிலும் வானொலியிலும் விளம்பரம். வருட வியாபாரம் 30,000 டொலரைத் தாண்டினால் எச்எஸ்டி என்ற விற்பனை வரிக்குப் பதிந்து 13 வீதம் வசூலித்துக் கட்ட வேண்டும். முற்பணம் வாங்கினால் அதைக் கட்சிக்காரரின் காசுக்கென்றே வைத்திருக்கும் டிரஸ்ட் கணக்கில் வைத்து, வேலை முடிய முடியத்தான் எடுக்கலாம். வருடத்துக்கு 12 மணித்தியாலம் தொடர் கல்வி வேறு.

பெரிய காசு ஸ்மோல் கிளெய்ம்ஸில் இருக்கிறது என்பார்கள். பாதி உண்மை. வழக்கின் உச்சத் தொகை 2020இல் 35,000 டொலர் ஆனது, 2025 அக்டோபர் 1 முதல் 50,000. முன்பு மேல் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டியிருந்த, அதனால் பாராலீகல் தொடவே முடியாதிருந்த வழக்குகள் இப்போது எங்கள் பக்கம் வருகின்றன. இந்தத் தொழிலுக்குச் சமீபத்தில் கிடைத்த நல்ல செய்தி இதுதான். ஆனால் வென்றவருக்கு மற்றவர் கட்ட வேண்டிய செலவுத்தொகை பொதுவாகக் கோரிய தொகையில் 15 வீதத்தைத் தாண்டாது. 10,000 டொலர் வழக்கில் அது 1,500. ஒரு நாள் முழுக்க விசாரணை நடந்தால் உங்கள் ஃபீஸ் அதைத் தின்றுவிடும். மிச்சத்தைக் கட்சிக்காரர்தான் தர வேண்டும். அதை அவருக்கு முதல்நாளே சொல்ல வேண்டும்.

லோ கிளார்க்கின் கணக்கு ஒரே வரி. ஸ்காபரோவில் சின்ன அலுவலகத்தில் தொடங்கினால் மணிக்கு இருபது சொச்சம் டொலர். ரொறன்ரோ நகர மையத்துப் பெரிய நிறுவனங்களில், கம்பனி வேலையில் பத்து வருடம் ஊறியவர்களில் வருடத்துக்கு ஆறு இலக்கத்தைத் தொட்டவர்களும் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காசு வரும். கூரை உயரம் குறைவுதான், ஆனால் ஒழுகாது.

ஒழுகவே ஒழுகாது என்றும் சொல்ல மாட்டேன். கனடா மத்திய வங்கி 2022 மார்ச்சில் வட்டியை உயர்த்தத் தொடங்கி 2023 ஜூலைக்குள் 5 வீதத்துக்குக் கொண்டுபோனபோது வீட்டு விற்பனை விழுந்தது. காணி வேலை மட்டும் தெரிந்த கிளார்க்குகளுக்கு வேலை மணித்தியாலம் வெட்டப்பட்டது. மரபுரிமைச் சொத்து வேலை தெரிந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வட்டி ஏறினாலும் இறங்கினாலும் ஆட்கள் சாகிறார்கள். கிளார்க்காகப் போகிறவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள், இரண்டு துறையாவது பழகுங்கள்.

பாராலீகல் பக்கத்தில் ஆட்டம் அரசின் கையில். ரொறன்ரோவில் பார்க்கிங் டிக்கெட் 2017 ஆகஸ்டில் நீதிமன்றத்திலிருந்து நகரசபையின் நிர்வாக அபராத முறைக்குப் போனது. 2025 நவம்பரில் மாகாண அரசு வேகக் கமராக்களையே தடை செய்தது. ஒரு கையெழுத்தில் ஒரு வகைக் கோப்பு இல்லாமல் போகும், இன்னொரு கையெழுத்தில் 50,000 டொலர் வழக்கு கிடைக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்று கேட்பவர்களுக்கு: 2025இல் ரொறன்ரோச் சட்டத்தரணி ஒருவர் இல்லாத தீர்ப்புகளைக் காட்டி நீதிபதியிடம் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து, தீர்ப்புகளை ஒவ்வொன்றாகக் கன்லீ என்ற இலவசத் தீர்ப்புத் தளத்தில் திறந்து சரிபார்க்கத் தெரிந்த கிளார்க்குக்கு மதிப்பு கூடியிருக்கிறது என்பது என் எண்ணம். வெறும் தட்டச்சு வேலை மட்டும் செய்பவர்களின் நிலைமை கவலைதான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பி1 லைசென்ஸோடு சம்பள வேலைக்குப் போவது. வாகன டிக்கெட் போன்ற மாகாணக் குற்றங்களுக்கு வழக்குத் தொடுநராக நகரசபைகள் பாராலீகல்களை எடுக்கின்றன. ஓய்வூதியத்தோடு வரும் வேலை. காப்புறுதி நிறுவனங்களும் பெரிய அடுக்குமாடி நிர்வாகக் கம்பனிகளும் எடுக்கின்றன. இடங்கள் குறைவு. மாகாணத்தில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களோ 10,000க்கு மேல். ஆனால் பிள்ளைக்குப் பேச வரும், காசு கேட்க வராது என்றால் தேட வேண்டிய இடம் இதுதான்.

குடிவரவு வேலைதான் விருப்பம் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு ஆலோசகர் லைசென்ஸைப் பாருங்கள். குயின்ஸ் பல்கலைக்கழக டிப்ளோமா, பரீட்சை, பிறகு கனடா முழுதும் வேலை செய்யலாம். பாராலீகல் அகதிச் சபை முன் நிற்கலாமே தவிர, ஸ்பொன்சர் விண்ணப்பம் நிரப்பும் தொழிலை நடத்த முடியாது. இது தெரியாமல் லைசென்ஸ் எடுத்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். ஊரில் சட்டத்தரணியாக இருந்து வந்தவர்கள், வெளிநாட்டில் சட்டம் படித்தவர்களுக்கான என்சிஏ பரீட்சைகளை எழுதிக்கொண்டே கிளார்க்காக இருப்பதுதான் நல்லது. பாராலீகல் பாடநெறியில் போகும் காசும் காலமும் அந்தப் பக்கம் போகட்டும்.

போன வாரமும் ஒரு அக்கா எடுத்தார். என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். இவர் யோசிக்கவே இல்லை. "ஐயோ தம்பி, அவள் சிநேகிதிக்குக் குடுத்த இருபது டொலரையே திருப்பிக் கேக்காமல் இருக்கிறாள்."

லோ கிளார்க் பாடநெறி எந்தக் கல்லூரியில் எப்போது தொடங்குகிறது என்று பார்த்து அனுப்பியிருக்கிறேன்.