பெட் ஸ்கேனா, சிடியா, எம்ஆர்ஐயா: எந்தக் கேள்விக்கு எது?

பெரியப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று பயாப்சி சொன்ன அன்று மாலை, மயிலாப்பூர் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். "சிடி எல்லாம் எதுக்கு? ஒரேயடியா பெட் ஸ்கேன் எடுத்துடுங்க. உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் எல்லாம் தெரிஞ்சுடும்" என்றார் மாமா. அன்று எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. விலை கூடுதல் என்றால் விவரமும் கூடுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த ஆறு மாதத்தில் அந்த நினைப்பு மாறியது. சிடி முதல் படி, பெட் மேல் படி என்று ஏணி எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

சிடி உருவத்தைக் காட்டுகிறது: கட்டி எங்கே, எத்தனை சென்டிமீட்டர், எலும்பை அரித்திருக்கிறதா, கழுத்து ரத்தக்குழாயைச் சுற்றியிருக்கிறதா. பெட் நடத்தையைக் காட்டுகிறது: அந்த இடத்துச் செல்கள் எவ்வளவு சர்க்கரை தின்கின்றன. புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி இழுக்கும் என்பதை ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். எஃப்டிஜி என்ற மருந்து குளுக்கோஸைப் போலவே செல்லுக்குள் போகும். ஆனால் முழுதாகச் செரிமானம் ஆகாமல் அங்கேயே தங்கிவிடும். அதில் ஒட்டியிருக்கும் ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் வெளிவிடும் கதிர்களைக் கருவி படமாக்குகிறது. இன்று பெரும்பாலான இடங்களில் இரண்டும் ஒரே கருவியில்தான். ஆனால் பெட்டோடு சேர்த்து எடுக்கும் சிடி பெரும்பாலும் குறைந்த கதிர்வீச்சில், ரத்தக்குழாய்களையும் திசுக்களையும் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து இல்லாமல் எடுப்பது. இடத்தை அடையாளம் காட்ட அது போதும், அறுவை சிகிச்சை நிபுணருக்குப் போதாது. "முழு கான்ட்ராஸ்ட் சிடியும் சேர்த்தா, இல்லையா?" என்று பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. அதனால் கழுத்துக்குத் தனியாகச் சிடி எடுக்க இன்னொரு நாள் அலைந்தோம்.

தொண்டை, நாக்கு அடிப்பகுதி போன்ற இடங்களில் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்கு எம்ஆர்ஐதான் கெட்டி. மூளைக்கும் அதுவேதான். மூளை எப்போதுமே சர்க்கரை தின்னும் உறுப்பு. பெட் படத்தில் முழு மூளையும் பளிச்சென்று ஒளிரும். அந்த வெளிச்சத்தில் சின்னப் பரவல் தெரியாமல் போய்விடும். "பெட் சுத்தமா வந்திருக்கே, தலைக்கு எதுக்கு எம்ஆர்ஐ?" என்று மருத்துவரிடம் வாதாட வேண்டாம்.

பெட் ஸ்கேனுக்கு நிகரே இல்லாத இடம் சிகிச்சைக்கு நடுவிலும் பிறகும்தான் என்பது என் முடிவு. கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, கீமோ கொடுத்து முடித்த பிறகும் கழுத்தில் நெறிகட்டி ஒன்று மிச்சம் இருக்கும். சிடி அதன் அளவைச் சொல்லும். உள்ளே இருப்பது உயிருள்ள நோயா, வெறும் தழும்பா என்று அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. முன்பெல்லாம் பல இடங்களில் பத்திரத்துக்காகக் கழுத்தைத் திறந்து நெறிகட்டிகளை எடுத்துவிடுவார்கள். பிரிட்டனில் 564 நோயாளிகளை வைத்து நடந்து 2016இல் வெளியான பெட்-நெக் ஆய்வு இதை நேருக்கு நேர் ஒப்பிட்டது. ஒரு பாதிப் பேருக்குத் திட்டமிட்ட அறுவை சிகிச்சை. மறுபாதிப் பேருக்குச் சிகிச்சை முடிந்து 12 வாரத்தில் பெட்-சிடி, சந்தேகம் இருந்தால் மட்டும் அறுவை. முதல் குழுவில் 221 அறுவைகள், இரண்டாவதில் 54. இரண்டு ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் முறையே 81.5, 84.9 சதவீதம். பெட் ஸ்கேனுக்குக் கொடுக்கும் பணம் எங்கே ஈடாகிறது என்று எனக்குப் புரியவைத்தது இந்த ஆய்வுதான்.

ஆனால் அந்த 12 வாரம் முக்கியம். பெரியப்பாவுக்குக் கரண்ட் முடிந்து ஐந்தாவது வாரத்திலேயே ஒரு மருத்துவமனையில் பெட் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். தொண்டை முழுக்க மின்னியது. அன்று ராத்திரி பெரியம்மா சாப்பிடவில்லை. இரண்டாவது கருத்துக்காகப் போன இடத்தில் மருத்துவர் தேதியைத்தான் முதலில் பார்த்தார். "கதிர்வீச்சுப் புண் ஆறுற நேரம்மா இது. அந்த அழற்சிச் செல்லும் சர்க்கரை தின்னும். பொறுங்க" என்றார். பதின்மூன்றாவது வாரம் எடுத்த படத்தில் ஒளிர்வே இல்லை.

காசநோயும் இதே போல ஏமாற்றும். காசநோய் அரிதாக இல்லாத நம் ஊரில், நுரையீரல்களுக்கு நடுவே உள்ள நிணநீர்க் கணு மின்னினால் உடனே பரவல் என்று முடிவுகட்ட முடியாது. வெளிநாட்டு இணையதளத்தைப் படித்துவிட்டு "நாலாம் கட்டம்" என்று நாமாகவே எழுதிக்கொள்ளக் கூடாது. அங்கே ஊசி போட்டு எடுக்கும் திசுதான் தீர்ப்பு சொல்லும்.

ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் பெட் இன்னும் ஒரு படி மேலே போய் மருந்தையே மாற்றுகிறது. இரண்டு சுற்று கீமோ முடிந்ததும் எடுக்கும் பெட் சுத்தமாக இருந்தால், நுரையீரலைக் கெடுக்கக்கூடிய ப்ளியோமைசின் என்ற கீமோ மருந்தை மீதிச் சுற்றுகளில் விட்டுவிடலாம் என்று 2016இல் வந்த ராத்ல் ஆய்வு காட்டியது. மூன்று ஆண்டு கழித்து நோய் முற்றாமல் உயிரோடிருந்தவர்கள், ப்ளியோமைசினைத் தொடர்ந்தவர்களில் 85.7 சதவீதம், விட்டவர்களில் 84.4, கிட்டத்தட்ட சமம்.

புராஸ்டேட் புற்றுநோயில் கதை வேறு. அது பெரும்பாலும் சர்க்கரையை அவ்வளவாக இழுக்காது. சாதாரண எஃப்டிஜி பெட் எடுத்தால் காசுதான் வீண். அதற்குப் பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கும் மருந்து தனியாக இருக்கிறது. பரவும் ஆபத்து அதிகமுள்ள 302 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2020இல் வந்த ஆய்வில், சிடியும் போன் ஸ்கேனும் (எலும்பு ஸ்கேன்) சேர்ந்து 65 சதவீதம் துல்லியம். பிஎஸ்எம்ஏ பெட் மட்டும் 92. சீட்டில் வெறும் "பெட்" என்று இருந்தால், எந்த மருந்து என்று கேளுங்கள். வசதி இல்லாதவர்களுக்குப் போன் ஸ்கேன் இன்னும் மதிப்புள்ள சோதனைதான். எலும்புப் பரவலை அது நன்றாகவே காட்டும்.

ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்க்கு, அறிகுறி எதுவும் இல்லாதபோது, பெட் வழக்கமாகத் தேவையில்லை. "பாடி செக்கப்"புக்கு எடுப்பதை நான் கட்டாயம் தடுப்பேன்.

ஸ்கேன் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃப்ளூரின்-18 இன் அரை ஆயுள் 110 நிமிடம், அதாவது அந்த நேரத்துக்குள் பாதி கரைந்துவிடும். மருந்தைக் காலையில் தயாரித்து வண்டியில் கொண்டுவருகிறார்கள். கத்திப்பாரா நெரிசலில் நீங்கள் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அது கரைந்துகொண்டே இருக்கும். அதனால்தான் நேரத்துக்கு வரச் சொல்லி முதல் நாளே போன் செய்கிறார்கள். குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் பட்டினி, தண்ணீர் மட்டும். காபி கிடையாது, பெரியப்பாவுக்கு நோயை விட அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. மெரினா நடைப்பயிற்சியை முதல் நாளே நிறுத்துங்கள், உழைத்த தசையும் மருந்தை இழுக்கும். ஊசி போட்ட பிறகு சுமார் ஒரு மணி நேரம் பேசாமல், மெல்லாமல் இருக்க வேண்டும். தொண்டை நோயாளி பேசினால் குரல்வளைத் தசையே மின்னும். ஏசி அறையில் குளிர்ந்தால் கழுத்துக் கொழுப்பும் ஒளிரும், போர்வை எடுத்துப் போங்கள்.

சர்க்கரை நோயாளிகள் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ரத்தச் சர்க்கரை 200க்கு மேல் இருந்தால் பல இடங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயந்துபோய் அங்கேயே இன்சுலின் போட்டுக்கொண்டால் மருந்து தசைக்குப் போய்விடும், படம் கெடும். மெட்ஃபார்மின் குடலை ஒளிரவைக்கும். எப்போது நிறுத்துவது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கான்ட்ராஸ்ட் சிடி என்றால் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின் ரத்தச் சோதனை பார்ப்பார்கள். எஃப்டிஜிக்குச் சிறுநீரகப் பயம் இல்லை.

பழைய ஸ்கேனின் ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் பதிந்த டிஸ்க்கையும் கொண்டுபோங்கள். முடிந்தால் அதே கருவியில் எடுங்கள். ஒளிர்வின் எண்கள் கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும். பெரியப்பாவின் அடுத்த சோதனைக்கு மருத்துவர் பெட் எழுதவில்லை, கழுத்தைத் தடவிப் பார்த்து, தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். மாமா போனில் "ஏன் எழுதல?" என்று கேட்டார். "இப்போ கேக்க வேண்டிய கேள்வி எதுவும் இல்லையாம் மாமா" என்றேன்.