பத்து இரவு, மூன்று நல்ல முழங்கால்

எனக்கு வயது 72, மனிசிக்கு 68. இரண்டு பேருக்கும் சேர்த்து நல்ல முழங்கால் மூன்று. மிச்சம் ஒன்று இவவுடைய வலது கால். படியைக் கண்டால் அது தன்பாட்டில் ஒரு முடிவு எடுக்கும். எங்கள் நாற்பதாவது கலியாண நாளுக்குப் பிள்ளைகள் காசு போட்டு, போன மாசி மாதம் புளோரிடாவின் போர்ட் லோடர்டேலிலிருந்து புறப்படும் பத்து இரவுக் கரீபியன் கப்பலில் எங்களை ஏற்றிவிட்டார்கள். திரும்பி வந்த நாள் தொடக்கம் ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் கோயிலுக்குப் போனாலும் செத்த வீட்டுக்குப் போனாலும் இதே விசாரணைதான். "எவ்வளவு முடிஞ்சுது? சாப்பாடு என்ன மாதிரி? எங்கட வயசு ஆக்கள் போகலாமோ?" ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். குறையும் சொல்லப் போவதால் கொம்பனியின் பெயரைப் போடவில்லை.

முதலில் இவ மாட்டேன் என்றுதான் நின்றா. இவ இதற்கு முன் ஏறிய ஒரே கப்பல், தொண்ணூறுகளில் சண்டையால் தரைப்பாதை பூட்டிக் கிடந்தபோது காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்கு ஓடியது. நான் அப்போது கனடாவில். மகனை ஒரு கையிலும் பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, வழி முழுக்கச் சத்தி எடுத்தபடி வந்தவ. "காசு தந்து ஆராவது கப்பலில போவினமோ?" என்று கேட்டா. அதனால் மகள் யோசித்து, கப்பலின் நடுப்பகுதியில் நாலாம் தட்டில் அறை எடுத்தாள். பல்கனி இல்லை, யன்னல் மட்டும். இது மிகச் சரியான முடிவு. முன்பக்கமும் மேல்தட்டும்தான் கூட ஆடும். எங்கள் அறையில் மேசையில் வைத்த தேத்தண்ணிக் கோப்பையில் வட்டம் விழும், அவ்வளவுதான். மேலே பதினோராம் தட்டில் பல்கனி எடுத்த ஒரு கியூபெக் தம்பதி இரண்டாம் நாள் முழுக்கச் சாப்பாட்டுப் பக்கமே வரவில்லை.

மாசி மாதத்தில் ரொறொன்ரோவிலிருந்து போகிறவர்கள் கப்பல் வெளிக்கிடும் நாளுக்கு முதல்நாளே புளோரிடா போய்ச் சேருங்கள். எங்கள் விமானம் பனி உருக்கும் தண்ணி அடிக்கவென்று இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. கப்பல் ஒருத்தருக்காகவும் நிற்காது.

இன்சூரன்சும் அப்படித்தான். கப்பல் டொக்டரிடம் ஒஹிப் என்கிற ஒன்ராறியோ அரசின் மருத்துவ அட்டை செல்லாது, கடன் அட்டைதான் செல்லும். என் பிறஷர் குளிசையின் அளவை மார்கழியில் மாற்றியிருந்தார்கள். நாங்கள் முதலில் பார்த்த இன்சூரன்சில் 90 நாளாக மருந்து மாறாமல் இருக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை பொடி எழுத்தில் கிடந்தது. மகள் அதை வாசித்திருக்காவிட்டால் நான் பேருக்கு மட்டும் இன்சூரன்ஸ் எடுத்த மனிசனாகப் போயிருப்பேன்.

சாப்பாட்டுக்கு முழுப் புள்ளி. ஆனால் மேல்தட்டு பஃபேயில் போய் நிற்காதீர்கள். அங்கே "கறி" என்று எழுதி வைத்திருந்தது மஞ்சள் நிறத்தில் ஒரு இனிப்பு. கீழே உள்ள பெரிய சாப்பாட்டு மண்டபத்தில் தலைமைப் பரிசாரகர் கொச்சிக்காரர். முதல் இரவு இவ பாஸ்தாவை முள்ளுக்கரண்டியால் உருட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் தானாக வந்தார். முதல்நாள் இரவே சொல்லி வைத்தால் மறுநாள் பருப்பு, சப்பாத்தி, கத்தரிக்காய்க் கறி தனியாகச் செய்து தருவார்கள், அதற்குக் காசு இல்லை என்றார். மூன்றாம் நாள் இவ துணிந்து தோசை கேட்டா. உளுந்து ஊறப்போட்டு அரைக்க அங்கே வசதியில்லை என்று ரவைத் தோசை வந்தது. ஓரம் மொறுமொறு என்று, நடுவில் வெங்காயமும் பச்சை மிளகாயும். சட்னிக்குப் பதில் தயிர். இவ கொண்டுபோன மோர் மிளகாயில் இரண்டை அவருக்கும் கொடுத்தா. அவர் அதைக் கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அறை துப்புரவாக்குகிற இந்தோனேசியத் தம்பி தங்கமான பிள்ளை. துவாயை மடித்து ஒவ்வொரு இரவும் ஒரு மிருகம் செய்து வைப்பார், யானை, முயல் என்று. ஒருநாள் குரங்கு செய்து, உடுப்பு மாட்டும் கொழுவியில் தொங்கவிட்டு, என்னுடைய கண்ணாடியையும் போட்டுவிட்டிருக்கிறார். இரவு இரண்டு மணிக்கு எழும்பின மனிசி போட்ட சத்தம் பக்கத்து அறைக்கும் கேட்டது. கக்கூஸ் வாசலில் நாலு அங்குல உயரத்தில் ஒரு தட்டு இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரவில் கால் இடறும். சின்ன ரோர்ச் லைற் ஒன்று கொண்டுபோங்கள்.

இனி காசு. ரிக்கெட்டில் எல்லாம் அடக்கம் என்று நினைத்துக்கொண்டு ஏறினால் ஏமாறுவீர்கள். சேவைப் பணம் என்று ஆளுக்கு ஒருநாளைக்கு 18 அமெரிக்க டொலர் தன்பாட்டில் ஏறும், இரண்டு பேருக்குப் பத்து நாளும் 360. அந்தத் தம்பிக்கும் கொச்சிக்காரருக்கும் போகுமென்றால் நான் முறைப்பாடு சொல்லமாட்டேன். எரிச்சல் வந்தது குடிவகைப் பொதியில். நான் இரவில் ஒரு கிளாஸ் வைன் குடிப்பேன். பொதி எடுத்தால் மலிவு என்றார்கள். ஆனால் ஒரே அறையில் இருக்கிற இரண்டு பெரியவர்களும் எடுக்கவேண்டுமாம். இவ வாழ்க்கையில் குடித்தது நெல்லிரசமும் பிளேன்ரீயும். தண்ணி, தேத்தண்ணி, கோப்பி, எலுமிச்சம்பழத் தண்ணி எல்லாம் சும்மாவே கிடைக்கிறது. பொதி எடுக்காதீர்கள். கைத்தொலைபேசியை ஏறும்போதே "எயாபிளேன் மோட்" என்கிற விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் அது கப்பலின் தொலைபேசிக் கோபுரத்தைப் பிடித்தால் பில் வீட்டுக்கு வரும். இதில் எனக்கு வேறொரு வினை வந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டு நாள் கடல், பிறகு சென். மார்ட்டன். 1648இல் இந்தத் தீவைப் பிரான்சும் நெதர்லாந்தும் பங்கு போட்டுக்கொண்டன. பிலிப்ஸ்பேர்க்கில் கடற்கரையோடு நடைபாதை சமதரையாக இருக்கிறது, முழங்கால்காரருக்கு உகந்தது. நகைக்கடைகளுக்குள் போகாமல் இவவைக் கொண்டுவந்தது என் சாதனை.

அடுத்த நாள் குவாதலூப். பிள்ளைகள் இந்தக் கப்பலை எடுத்ததே இதற்காகத்தான் என்று பிறகு தெரிந்தது. இது பிரெஞ்சு மண், காசு யூரோ. அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து எங்கள் சனத்தை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப் போனார்கள். 1854 டிசம்பர் 24இல் ஒரேலி என்ற கப்பல் முதல் தொகுதியைக் கொண்டுவந்து இறக்கியது. 1889 வரைக்கும் சுமார் 42,000 பேர். கப்பலின் சுற்றுலாப் பட்டியலில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கடற்கரை இருக்கிறது, றம் வடிசாலை இருக்கிறது, அவ்வளவுதான்.

புவாந்த்-ஆ-பித்ர் துறைமுக வாசலில் ராக்சி பிடித்தோம். சாரதிக்கு ஐம்பது வயதிருக்கும், எங்கள் நிறம், எங்கள் மூக்கு. மகள் பிரெஞ்சில் எழுதித் தந்த துண்டைக் காட்டினேன். வாசித்துவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்து, நெஞ்சில் கைவைத்துத் தன் பெயரைச் சொன்னார். பின்பாதி "சாமி". தமிழ் ஒரு சொல் தெரியாது என்று சைகையால் சொன்னார். வாழைத்தோட்டங்களுக்கு நடுவே அரை மணித்தியாலம் ஓடி, கப்பெஸ்தேர் பக்கம் ஷாங்கி என்ற இடத்தில் றோட்டுக்கரையில் நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தால் கோபுரம். நீலம், சிவப்பு, மஞ்சள் பூசிய பொம்மைகள் நிறைந்த, எங்களூரில் எங்கும் பார்க்கக்கூடிய கோபுரம், பின்னால் எரிமலைச் சாரல்.

உள்ளே மாரியம்மன். அவர்கள் வாயில் அது "மாலியெமின்". சாரதி வாசலில் நின்ற மரத்தில் ஒரு கொப்பை வளைத்துப் பிடித்து "வேப்பெலெ" என்றார். இவ சட்டென்று திரும்பினா. "ஓம், வேப்பிலை" என்றா. அவர் "வேப்பெலெ, வேப்பெலெ" என்று தலையாட்டினார். இரண்டு பேரும் அந்த ஒரு சொல்லை மாறி மாறிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நான் சும்மா கமராவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், படம் எடுக்கத் தோன்றவில்லை. இவ ஒரு இலையைப் பறித்துக் கடித்துப் பார்த்தா. "கசப்புச் சரியாத்தான் இருக்கு" என்றா.

திரும்பும் வழியில் ஊருக்குள் ஒரு பெயரைக் காட்டினார், ஆன்ரி சிதம்பரோம். சிதம்பரம்தான் அப்படி ஆகியிருக்கிறது. இந்தியக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் குடிமக்களைப் போல வாக்குரிமை வேண்டுமென்று வழக்காடி, 1923இல் வென்றவர். இலங்கையில் குடியுரிமை இல்லாமல் ஆக்கப்பட்ட மலையகச் சனத்தைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பிறகு சந்தையில் கொலம்போத் தூள் வாங்கினோம். மல்லி, மஞ்சள், வெந்தயம், சீரகம், கடுகு, மிளகு. மிளகாய் இல்லாத எங்கள் கறித்தூள்தான். கொழும்பு என்ற ஊரின் பெயரா, குழம்பு என்ற சொல்லா என்று இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். மோந்து பார்த்த எனக்குக் குழம்புதான்.

வினை இங்கேதான். நாலரைக்கு எல்லோரும் கப்பலில் நிற்கவேண்டும். என் கைத்தொலைபேசி இரண்டே முக்கால் என்றது. இன்னும் நேரமிருக்கு என்று சாரதியை ஒரு கோப்பிக்கு அழைத்தேன். இவ மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, என்ர மணிக்கூட்டில மூண்டே முக்கால்" என்றா. முதல்நாள் இரவு ஒரு மணித்தியாலம் கூட்டி வைக்கும்படி அறைக்குள் கடதாசி போட்டிருந்தார்கள். இவ தன்னுடைய பழைய சீக்கோவைத் திருப்பி வைத்துவிட்டா. விமான நிலையில் கிடந்த என் தொலைபேசி புளோரிடா நேரத்திலேயே நின்றுவிட்டது. சந்தையிலிருந்து துறைமுகம் கிட்ட என்றபடியால் தப்பினோம். அரைமணித்தியாலம் தள்ளியிருந்த கோயில் வாசலில் நான் இப்படி ஆறுதலாக நின்றிருந்தால், கப்பல் போவதைக் கையசைத்துப் பார்த்திருப்போம். கைமணிக்கூடு கட்டிக்கொண்டு போங்கள், கப்பல் நேரத்துக்குத் திருப்பி வையுங்கள்.

பார்படோஸில் இவ கப்பலிலேயே நின்று காலுக்கு ஐஸ் வைத்தா. நான் தனியே கென்சிங்டன் ஓவல் கிரிக்கெட் மைதானத்துக்குப் போனேன். வெளியே மேற்கிந்திய ஆட்டக்காரர் சோபர்ஸின் சிலை. வானொலியில் அவர் பெயரைக் கேட்டு வளர்ந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? 93 ரெஸ்ட், 8,032 ஓட்டம், இடதுகையால் மூன்று விதமாகப் பந்தும் போட்ட மனிசன். 2007 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் அவுஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் இலங்கைக்கு எதிராக 149 அடித்ததும் இதே மைதானத்தில்தான். வாசலில் அரைமணித்தியாலம் நின்றேன்.

சென். லூசியாவில்தான் என் முறைப்பாடு. கப்பல் மூலமே எடுத்த சுற்றுலா. "இலகுவான நடை" என்று எழுதியிருந்தது, இவவின் காலைப் பற்றியும் கப்பலின் சுற்றுலா மேசையில் கேட்டுத்தான் எடுத்தோம். காஸ்திரீசிலிருந்து சூஃப்ரியேர் போகும் மலைப்பாதை வளைவு வளைவாக ஏறி இறங்குகிறது. அதை ஒருத்தரும் சொல்லவில்லை. கடலில் வராத சத்தி இவவுக்கு அங்கே வானுக்குள் வந்தது. போய் இறங்கினால் அருவிக்கு ஈரப் படிகள், பிடிக்கக் கம்பி ஒரு பக்கம் மட்டும். இவ வானுக்குள்ளேயே இருந்தா. பிற்றோன் மலைகள் இரண்டும் கடலிலிருந்து நேரே எழும்பி நிற்பதை யன்னலால் பார்த்ததுதான் மிச்சம். அது வடிவுதான், இல்லையென்று சொல்லவில்லை. அவ்வளவையும் கரையோடு படகில் போகும் சுற்றுலாவில் ஆடாமல் அசையாமல் பார்த்திருக்கலாம். திரும்பி வந்து காசு கேட்டால், "நீங்கள்தான் இறங்கவில்லை" என்று பதில். மூன்று நாள் கடலில் மூன்று தரம் அதே மேசைக்குப் போனேன். கடைசியில் 25 டொலர் கப்பல் கடையில் செலவழிக்கத் தந்தார்கள். அதற்கு ஒரு தொப்பி வாங்கினேன். அளவில்லை.

போன ஞாயிறு இவ கொலம்போத் தூளில் விளைமீன் குழம்பு வைத்தா. பழப்புளி விட்டு, தேங்காய்ப்பால் விட்டு, இறக்க முன் ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தா. பிறகு அலுமாரியைத் திறந்து எங்கள் மிளகாய்த்தூளில் ஒன்றரைக் கரண்டி போட்டா. அடுத்த முறை கப்பல் வேண்டாமாம், விமானத்தில் நேரே குவாதலூப் போய் ஒரு கிழமை நிற்கவேண்டுமாம், அந்தச் சாரதி வீட்டுக்கு இரண்டு கிலோ தூள் கொண்டுபோக வேண்டுமாம்.