மூடியா, போர்வையா? சீலிங்குக்கு மேலிருக்கும் திறந்த தண்ணீர்த் தொட்டிக்கு எது பொருந்தும்

ஆடி மாதத்தில் மதியம் இரண்டு மணிக்குத் திருகோணமலையில் குளியலறைக் குழாயைத் திறப்பவருக்குக் கன்னியாவுக்குப் போகும் பஸ் காசு மிச்சம். வெந்நீரூற்று வீட்டுக்கே வந்துவிடுகிறது. பழைய வீடுகள் சிலவற்றில் குளியலறைக்கு மேல் கொங்கிறீற் தட்டுப் போட்டு, அதன்மேல் சீமெந்துக் கல்லால் தொட்டி கட்டி, எல்லாவற்றையும் கூரைக்குள்ளே அடக்கியிருப்பார்கள். தொட்டிக்கு மூடி இராது. மேலேதான் கூரை இருக்கிறதே, மூடிக்கு வேறு ஏன் செலவு என்பது கட்டியவர்களின் கணக்கு. அந்தத் தொட்டியோடு இன்று குடியிருப்பவர் என்ன செய்யலாம், எதற்குக் காசு போடலாம், எதற்குப் போடக்கூடாது என்பதே இங்கே பேச்சு.

இதில் இரண்டு பிரச்சினைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று சூடு. மற்றது தண்ணீருக்குள் விழுபவையும் தண்ணீரிலேயே பிறப்பவையும். மூடி போட்டால் தண்ணீர் குளிர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சுற்றிவரப் போர்வை கட்டினால் தொட்டி பாதுகாப்பாகிவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் சரியல்ல. என் வரிசை இதுதான்: முதலில் மூடி, அடுத்து நிழல், கையில் காசு மிஞ்சினால் மட்டும் வெப்பக்காப்பு.

மூடிக்கு முதலிடம் கொடுப்பதற்குக் காரணம் டெங்கு. 2017 இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டெங்கைப் பரப்பும் நுளம்புக்குச் சாக்கடை தேவையில்லை. இருட்டான, காற்று அதிகம் அடிக்காத, மனிதர் நடமாட்டத்துக்கு அருகிலுள்ள, அசையாத நல்ல தண்ணீரே அதற்குப் பிடித்த இடம். சீலிங்குக்கு மேலிருக்கும் திறந்த தொட்டியைத் தவிர வேறெந்த இடம் இத்தனையும் ஒன்றாகக் கொடுக்கும்? முட்டையைத் தண்ணீரில் இடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிவிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மீண்டும் தண்ணீர் ஏறும்போது பொரிக்கும். பிறகு ஒரு வாரம், பத்து நாளில் நுளம்பு பறக்கும். ஆகவே தொட்டியை வெறுமையாக்கிவிட்டோம் என்று நிம்மதி கொள்வதில் பொருளில்லை. உட்சுவரைத் தூரிகையால் தேய்க்க வேண்டும். நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தன் வளவில் நுளம்பு பெருகாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. சீலிங்குக்கு மேல் இருப்பதும் அவருடைய வளவுதான்.

மூடிகள்

கொங்கிறீற் மூடியைத்தான் மேசன்மார் முதலில் சொல்வார்கள். உறுதியானது, எலி தூக்காது, குரங்கு புரட்டாது. ஆனால் கூரைக்குள் ஏற்கெனவே 1,000 லீற்றர் தண்ணீர் என்றால் அதுவே ஒரு தொன் எடை. அதோடு தொட்டிச் சுவரின் எடை. அதற்கும் மேலே இரண்டங்குல கொங்கிறீற் தட்டை ஏற்றுவதற்கு முன், கீழே இருக்கும் பழைய தட்டு அதைத் தாங்குமா என்று தெரிந்தவர் ஒருவர் பார்க்க வேண்டும். இன்னொரு சங்கடம் இந்த ஊருக்கே உரியது. கடற்காற்றின் உப்பும் தொட்டிக்குள்ளிருந்து எழும் ஈரமும் சேர்ந்து உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு வீங்கும், கொங்கிறீற்றின் அடிப்பக்கம் வெடிக்கும், சிறு சிறு செதில்களாகத் தண்ணீருக்குள் உதிரும். மேலிருந்து பார்ப்பவருக்கு மூடி புதிதுபோலவே தெரியும். ஆள் இறங்கும் வாயில் ஒரு கைமூடி வைப்பார்கள். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்றால், கழுவிய பிறகு அது திரும்பவும் ஒழுங்காக வைக்கப்படுமா என்பது சந்தேகம்தான்.

தகரம் மலிவு. வீட்டில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும், அதனால்தான் அதிகம் காண்கிறோம். ஒரு முறை ஏணி வைத்து ஏறி, தகரத்தின் விளிம்பில் டோர்ச் அடித்துப் பாருங்கள். தகரத்தின் ஒவ்வொரு வளைவுக்கும் அடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி வரிசையாக இருக்கும். நுளம்புக்கு அது வாசல். பல்லிக்கும் அது வாசல். அந்த இடைவெளிகளை நுரையால் அடைத்தால் தகரம் பயன்படும். அடைக்காமல் விட்டால் தொட்டி மூடப்பட்டிருக்கிறது என்ற எண்ணம் மட்டும்தான் மிச்சம். ஒட்டுப்பலகையைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஈரத்தில் உப்பும், பூஞ்சணம் பிடிக்கும், விட்டுவிடுங்கள்.

சட்டமடித்த நுளம்பு வலையைப் பலர் தரக்குறைவாக நினைக்கிறார்கள். கூரைக்கு அடியிலுள்ள தொட்டிக்கு அது அவ்வளவு மோசமல்ல. அதில் ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. திறந்த தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டு போகிறது. ஒரு நாளில் 5 லீற்றர் ஆவியானால், 1,000 லீற்றர் தண்ணீரில் ஏறத்தாழ 3 பாகை வெப்பத்தை அது எடுத்துச் செல்லும். இறுக்கமாக மூடினால் அந்தக் குளிர்ச்சி நின்றுவிடும். “மூடி போட்ட பிறகுதான் தண்ணீர் கூடுதலாகச் சுடுகிறது” என்று முறையிடுகிறவர்களை நம்பாமல் இருக்கத் தேவையில்லை. வலை காற்றை விடும், நுளம்பை விடாது. ஆனால் ஓட்டு இடுக்கிலிருந்து விழும் தூசி, வௌவால் எச்சம், அஸ்பெஸ்டஸ் சீற்றிலிருந்து உதிரும் பொடி ஆகியவற்றை அது தடுக்காது. குடிக்கவும் சமைக்கவும் இந்தத் தொட்டித் தண்ணீரைத்தான் எடுக்கிறீர்கள் என்றால் வலை போதாது. குளிக்கவும் துவைக்கவும் மட்டும் என்றால், சட்டம் நான்கு பக்கமும் சுவரில் இறுகப் படிந்திருக்கும்வரை, போதும். துருப்பிடிக்காத வலையாக வாங்குங்கள். சாதாரணக் கம்பி வலையை உப்புக்காற்று அதிக நாள் விட்டுவைக்காது.

என் தெரிவு பைபர்கிளாஸ் மூடி. இதற்குக் கொழும்பிலிருந்து எதையும் இறக்க வேண்டியதில்லை. மீன்பிடிப் படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகளிலேயே தொட்டியின் அளவைக் கொடுத்துச் செய்விக்கலாம். நான் பேசிய படகு வேலைக்காரர் ஒருவர், “ஐயா, படகுக்கு நாளைக்கே தருவேன். குடிதண்ணீர்த் தொட்டி என்றால் அவசரப்படுத்தாதீர்கள், வாசம் போகும்வரை வெயிலில் கிடக்கட்டும்” என்றார். சரியாகத்தான் சொன்னார். பிசின் முழுவதும் இறுகாமல் மூடினால் அந்த வாசம் தண்ணீரில் ஏறும். விளிம்பை மூன்று அங்குலம் கீழே மடித்து, தொட்டிச் சுவரின் வெளிப்புறத்தில் இறங்கும்படி செய்யச் சொல்லுங்கள். நடுவில் மடக்கித் திறக்கும் ஒரு சிறு கதவு வைக்கச் சொல்லுங்கள். முழு மூடியையும் ஒரே ஆள் தூக்கலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். விலையில் தகரத்தோடு போட்டியிட முடியாது, கொங்கிறீற்றோடு போட்டியிடும்.

பழைய தொட்டியை மறந்துவிட்டு மூடியோடு வரும் பிளாஸ்டிக் தொட்டியை வாங்கலாமே என்று கேட்கலாம். வாங்கலாம். சீலிங்கின் வாய் அதை உள்ளே விடுமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். பெரும்பாலும் ஓடு பிரித்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

தொட்டிக்குள் கப்பி மீன் விடுவதையும் ஒரு வழியாகச் சொல்வார்கள். கிணற்றுக்கு நல்ல யோசனை. கூரைக்குள் கொதிக்கும் தொட்டிக்கு, மீனுக்கும் பாவம், குடிப்பவருக்கும் பாவம்.

எந்த மூடி போட்டாலும் நிரம்பி வழியும் குழாயின் வெளிமுனையை மறக்காதீர்கள். மூடியை இறுக்கிவிட்டு அந்தக் குழாயைத் திறந்து விட்டால் நுளம்பு அந்த வழியாக வரும். முனையில் வலைத்துண்டு ஒன்றைக் கவ்வியால் இறுக்குவது பத்து நிமிட வேலை.

சூடு

போர்வைக்குக் காசு கொடுக்கும் முன் ஒன்றைச் சோதியுங்கள். மதியம் குழாயைத் திறந்து சில நிமிடம் ஓடவிடுங்கள். முதலில் சுட்டுப் பிறகு குளிர்ந்தால் குற்றம் தொட்டியில் இல்லை. கூரையை ஒட்டி ஓடும் குழாயில் இருக்கிறது. குழாய்க்கு மாட்டும் நுரை உறையை வாங்கி மாட்டினால் விடயம் முடிந்தது. கடைசிவரை சுட்டுக்கொண்டே இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

1,000 லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 1.2 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். நிறைந்த தொட்டி மெதுவாகச் சூடேறும், கால்வாசித் தொட்டி அதைவிட நான்கு மடங்கு வேகமாக. காலையிலேயே தொட்டியை நிரப்பிவிடுவது செலவில்லாத வெப்பக்காப்பு. நீரிறைக்கும் மோட்டாரை மாலையில் போடும் வீடுகளில் மதியத் தண்ணீர் ஏன் கொதிக்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. சூட்டைச் சகித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடவும் முடியாது. லெஜியோனெல்லா போன்ற பக்டீரியாக்கள் 25 முதல் 45 பாகை வரையிலான தண்ணீரில் செழிக்கும். குழாய்நீரிலுள்ள குளோரினும் சூட்டில் சீக்கிரம் போய்விடும்.

கூரைக்குள் தொட்டிக்குச் சூடு பெரும்பாலும் மேலிருந்துதான் வருகிறது. கொதித்த ஓடோ சீற்றோ கீழ்நோக்கி வெப்பத்தை வீசுகிறது. அதனால் தொட்டியைச் சுற்றிக் கட்டுவதைவிடக் கூரைக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு தடை வைப்பதே பயன். இதற்கு அலுமினியத் தாள் ஒட்டிய நுரை விரிப்பு நன்று. பளபளப்பான பக்கம் கூரையைப் பார்க்க வேண்டும், இடையில் ஒரு சாணாவது காற்று இருக்க வேண்டும். ஓட்டில் ஒட்ட வைத்துவிட்டால் அந்தப் பளபளப்பால் பலன் குறைவு. தூசி படிந்தாலும் குறைவு. ஆண்டுக்கு ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

கூரைக்கு வெளியே வெள்ளை அடிப்பதும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும், வீடு முழுவதற்கும் சேர்த்து. மழைக்குப் பிறகு பாசி பிடித்துக் கறுத்துவிடும் என்பது மட்டும் குறை. பழைய அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள்.

ரெஜிபோம் மலிவாகக் கிடைக்கிறது, வெட்டுவதும் இலகு. வெயில் படாத கூரைக்குள் அது நன்றாகவே உழைக்கும். ஆனால் எறும்பு அதற்குள் புற்று வைக்கும், எலி கடித்து உருண்டைகளாக உதிர்க்கும், அந்த வெள்ளை உருண்டைகள் திறந்த தொட்டியில் மிதக்கும், பிறகு குழாய்த் தலையில் போய் அடைக்கும். தீப்பிடித்தால் கறுத்த புகையோடு எரியும். மின்கம்பிகள் ஓடும் கூரைக்குள் இதை யோசித்தே வையுங்கள். பொலித்தீன் உறையில் பொதிந்து, மூடி போட்ட தொட்டிக்கு மட்டும் பயன்படுத்தலாம். கண்ணாடி இழைப் பஞ்சு, திறந்த தண்ணீருக்கு அருகில் வேண்டவே வேண்டாம்.

ஈரச்சாக்குப் போர்த்துவது பாட்டிமாரின் வழி. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மண்பானையிலும் வெளியே நிற்கும் தொட்டியிலும் அது உண்மையிலேயே வேலை செய்யும். காற்று முடங்கிய கூரைக்குள் சாக்கு நாறும், அவ்வளவுதான். கிடுகும் அப்படியே: வெளித் தொட்டிக்கு அதைவிட நல்ல நிழல் இல்லை, உள்ளே எலிக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

இங்கிலாந்தில் கூரைக்குள் தொட்டி வைத்திருப்பவர்களுக்கான அறிவுரை, தொட்டியின் மேலும் பக்கமும் போர்த்து, அடியை மட்டும் போர்க்காதே என்பது. அங்கே பயம் உறைபனி. கீழ் அறையின் கதகதப்பு மேலேறித் தண்ணீர் உறையாமல் காக்க வேண்டும் என்பதற்காக அடியை விடுகிறார்கள். இங்கே பனியும் இல்லை, கதகதப்புக்குப் பஞ்சமும் இல்லை. ஆனாலும் அடியை விடுங்கள். நமது கூரைக்குள் இருப்பதைவிடக் கீழே குளியலறை குளிர்ச்சியானது. தொட்டியின் சூடு கொங்கிறீற் தட்டு வழியே இறங்க அதுவே ஒரே வழி. பக்கங்களையும் தடிப்பாக மூடினால் இரவில் ஆற வேண்டிய சூடும் உள்ளேயே தங்கும். ஆகவே போர்வை என்றால் மேலே மட்டும் என்பதே என் கருத்து.

சீலிங்குக்கு மேல் ஏற முடியாத வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கும், வாடகைக்கு இருப்பவருக்கும், மூடி என்றால் வலைதான். சொந்த வீடு, குடிப்பதும் அதே தண்ணீர் என்றால் பைபர்கிளாஸ் மூடியும் அலுமினிய விரிப்பும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் காசு இல்லையென்றால் விரிப்பு அடுத்த சித்திரைக்கு நிற்கட்டும்.

மூடிக்கு ஆவணியிலேயே அளவு கொடுத்துவிடுங்கள். வாடை தொடங்கினால் படகுகள் கரையேறும், பட்டறைக்காரருக்குக் கை ஓயாது. மழை ஈரத்தில் பிசினும் ஒழுங்காக இறுகாது. இந்தப் பக்கத்தில் டெங்கு தலைதூக்குவது அந்த மழைக்குப் பிறகு வரும் மாதங்களில்தான்.