வியர்ட் ஃபேண்டஸி: 22 இதழ்களும் நான்கு தொகுதிகளில்

அமெரிக்காவின் ஈ.சி. காமிக்ஸ் நிறுவனம் 1950 முதல் 1953 வரை வெளியிட்ட 'வியர்ட் ஃபேண்டஸி' என்ற அறிவியல் புனைகதைச் சித்திர இதழ்கள் 22ஐயும், ரஸ் காக்ரன் பெரிய அளவில், கெட்டி அட்டையுடன், நான்கு தொகுதிகளாக மறுபதிப்புச் செய்தார். ஈ.சி.யின் பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் மூல ஓவியங்களைப் பத்திரமாக வைத்திருந்ததால், அவற்றிலிருந்தே உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளையில் அச்சாகியுள்ளன.

முதல் தொகுதி 13ஆம் எண் இதழில் தொடங்குவதைக் கண்டு ஏதோ விடுபட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். புதிய பத்திரிகைக்கான அஞ்சல் அனுமதிக் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காக, நடந்துகொண்டிருந்த காதல் கதை இதழொன்றின் பெயரை மாற்றி, அதன் எண்ணையே கெய்ன்ஸ் தொடர்ந்தார். ஐந்து இதழ்களுக்குப் பின் எண் 6க்குத் திரும்பியதால், 13 முதல் 17 வரையிலான எண்கள் இரண்டு முறை வருகின்றன. இரண்டாம் முறை வந்த 13ஆம் இதழில் (1952), அறிவியல் புனைகதை எழுத்தாளர் ரே பிராட்பரியின் இரு சிறுகதைகளை அனுமதி பெறாமலே ஒன்றாக இணைத்திருந்தார்கள். அவர் சண்டைக்குப் போகாமல், பணம் இன்னும் வந்து சேரவில்லை என்று நயமாக ஒரு கடிதம் எழுதினார். பணமும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது, முறையான அனுமதியுடன் அவருடைய வேறு கதைகளும் வரத் தொடங்கின. ஓவியர் வாலி வுட் வரைந்த விண்கலங்களின் உட்புறத்தை, ஒவ்வொரு குழாயும் கம்பியும் தெரிய, இந்தப் பெரிய பக்கங்களில் பார்ப்பது பேரின்பம்.

இத்தொகுப்பின் உச்சம் 1953இல் 18ஆம் இதழில் வந்த 'ஜட்ஜ்மென்ட் டே'. ஆல் ஃபெல்ட்ஸ்டீன் எழுதி ஜோ ஆர்லாண்டோ வரைந்த அக்கதையில், பூமியிலிருந்து வரும் ஒருவர், ஆரஞ்சு நிற இயந்திர மனிதர்கள் நீல நிறத்தவரை ஒதுக்கிவைத்திருக்கும் கோளைப் பார்வையிட்டு, அண்டக் குடியரசில் சேரும் தகுதி அதற்கு இன்னும் வரவில்லை என்று தீர்ப்பளிக்கிறார். இக்கதையை மீண்டும் வெளியிட முயன்றபோது, காமிக்ஸ் தணிக்கை அமைப்பு கறுப்பினத்தவரான அந்த மனிதரின் நிறத்தை மாற்றச் சொன்னது. கெய்ன்ஸ் இணங்காமல், தம் வேறொரு இதழில் மாற்றமின்றியே வெளியிட்டார். 1956ஆம் ஆண்டுத் தேதியிட்ட அந்த இதழே ஈ.சி.யின் கடைசிக் காமிக்ஸ்.

கறுப்பு வெள்ளை அச்சு என்னை வருந்தவைத்தது இந்த ஒரு கதையில்தான். நிறமே கதைப்பொருளாக இருக்கையில், ஆரஞ்சு யார், நீலம் யார் என்பதை வசனத்திலிருந்து மட்டுமே உணர வேண்டியிருக்கிறது. வண்ணப் பதிப்பு கிடைத்தால் இதை மட்டுமாவது அதில் முதலில் படியுங்கள். ஆனால், தலைக்கவசத்தைக் கழற்றிய கறுப்பின மனிதரின் முகத்தில் வியர்வைத் துளிகள் விண்மீன்கள்போல மினுங்கும் கடைசிக் கட்டத்துக்கு மட்டும், திரும்ப இந்தத் தொகுதிக்கே வாருங்கள். ஆர்லாண்டோவின் மை அங்கே வண்ணத்தைத் தேடவே விடுவதில்லை.