மாட்டின் இரைப்பையைத் திரையில் திறந்து பார்த்தல்

கால்நடை மருத்துவ மாணவர்களுக்கான முப்பரிமாண உடற்கூற்றியல் மென்பொருள் ஒன்றை இரண்டு மாதங்களாகப் பயன்படுத்திவருகிறேன். மாட்டு இரைப்பையின் நான்கு அறைகளையும் தனித்தனியே விலக்கி, வயிற்றுக்குழியின் இடப்பக்கத்தைப் பெரும்பாலும் அடைத்துக்கொண்டிருக்கும் ரூமென் என்ற பெரிய அறையையும், அதற்கு முன்னால் உதரவிதானத்தை ஒட்டிக் கிடக்கும் ரெட்டிகுலம் என்ற சிறிய அறையையும் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான், மாடு விழுங்கிய கம்பி ரெட்டிகுலத்தில் தங்கி, உதரவிதானத்தைத் துளைத்து, அதற்கு அப்பால் உள்ள இதய உறை வரை எப்படிச் சென்று குத்துகிறது என்பது எனக்குத் தெளிவாக விளங்கியது. பாடநூலின் தட்டையான படத்தில் இந்த நெருக்கத்தை நான் கண்டதே இல்லை.

சினைப் பரிசோதனைப் பாடம் மட்டும் ஏமாற்றமளிக்கிறது. மலக்குடல் வழியாகக் கருப்பையைத் தொட்டு உணரும் பயிற்சியைக் காணொளியால் ஈடுசெய்ய முடியாது.

குதிரைக்குப் பொதுவாக 18 இணை விலா எலும்புகளும் நாய்க்கு 13 இணைகளும் உள்ளன. அவ்விரு எலும்புக்கூடுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடும் வசதியை அடுத்த பதிப்பிலாவது அவசியம் சேர்க்க வேண்டும்.